கேபிள் டை கட்டிய காளி

கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தவன் மேல்கூட எனக்கு இத்தனை கோபம் இல்லை. ஒரு கம்ப்யூட்டரை இன்னொன்றோடு பேச வைக்கலாம் என்று யோசித்தான் பாருங்கள், அவன் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்!

தூத்துக்குடி துறைமுகத்துக்கு வெளியே ஒரு கண்டெய்னர் யார்டில் நானும் இசக்கியப்பன் அண்ணனும்தான் நெட்வொர்க்கைப் பார்க்கிறோம். எந்தக் கேமரா செத்தாலும், எந்த ஸ்விட்ச் படுத்தாலும் எங்கள் மென்பொருள் கண்டுபிடித்துவிடும். அந்தச் செய்தி சென்னைத் தலைமை அலுவலகத்தின் புகார் சிஸ்டத்துக்குத் தானாகப் போய்ச் சேர வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதோடு மாதக்கணக்காக மல்லுக்கட்டினோம். மென்பொருள் விற்றவனைக் கேட்டால் கோளாறு அந்தப் பக்கம் என்பான். புகார் சிஸ்டம்காரன் எங்கள் பக்கம் சுத்தம் என்பான். இரண்டு பேரையும் ஒரே போனில் பிடித்துப் போட்டால், இருவரும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டு எங்களைக் குறை சொல்வார்கள்.

சென்னை மேலாளர் ஆராவமுதன் ஒருநாள் நறுக்கென்று சொன்னார்: "தசராவுக்குள்ள இது ஓடலேன்னா, அங்க ஒரு டீம் எதுக்குன்னு மேல கேப்பாங்க, ஜெபசுதா."

நான் நாசரேத்தில் அப்பா வீட்டில் இருப்பவள், எப்படியாவது சமாளித்துக்கொள்வேன். இசக்கி அண்ணன் அப்படியில்லை. புது வீடு, வீட்டுக் கடன், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள் என்று அகலக்கால் வைத்தவர். வேலை போனால் குடும்பமே நடுத்தெருவில்தான். அன்றே குலசை முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு விரதத்தைத் தொடங்கினார். இணைப்பு ஓடினால் தசராவுக்குக் காளி வேஷம் கட்டி ஊர் ஊராகக் காணிக்கை எடுப்பதாக வேண்டுதல். போன வாரம் அது ஓடியது. அண்ணனும் காப்புக் கட்டிக் கிளம்பிவிட்டார்.

இன்று ஆராவமுதன் சோதித்துப் பார்ப்பதாக ஏற்பாடு. காலையில் பார்த்தால் இணைப்பு அறுந்து கிடக்கிறது. நீங்கள்தான் நீங்களா என்று மறுபடி உறுதி செய்ய வேண்டுமாம். அதற்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும். எங்கே? பதிவு செய்த கைபேசிக்கு. அது யாருடையது? காளியுடையது! நம்பரை மாற்றித் தாருங்கள் என்று புகார் சிஸ்டம்காரர்களிடம் கெஞ்சினேன். "மாத்தணும்னா பழைய நம்பருக்கு வர்ற கோடைச் சொல்லுங்க மேடம்" என்கிறாள் ஒருத்தி. கர்த்தரே, இவர்களை எந்தக் களிமண்ணில் பிசைந்தீர்?

அண்ணன் போனை எடுக்கவில்லை. அவர் மனைவி சரண்யாதேவியைப் பிடித்தேன்.

"உடன்குடி பஜாருல வேஷக்கார செட்டோட நிக்காவ. அங்கன போனா பாத்துரலாம்."

"எப்படிக்கா அடையாளம் கண்டுபிடிக்க?"

"கறுப்பு மூஞ்சி, சடைமுடி, நாக்கு வெளிய தொங்கும்."

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டியில் போனேன். பஜார் முழுக்கக் கறுப்பு மூஞ்சி, சடைமுடி, தொங்கும் நாக்கு. நாலைந்து தசரா செட்டுகள் ஒரே நேரத்தில் கொட்டடிக்க, காது கிழிந்தது. நான் ஒவ்வொரு காளியையும் உற்றுப் பார்த்தேன். ஒவ்வொரு காளியும் என் நெற்றியில் திருநீறு பூச வந்தது. விலகி விலகி ஓடினேன். எங்கள் ஊர் ஆட்கள் யாராவது பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை வேதக் கோயிலில் தலை காட்ட முடியாது.

அப்போதுதான் அந்தக் கைகளைக் கண்டேன். மற்றக் காளிகளின் முதுகில் கட்டிய அட்டைக் கைகள் காற்றில் தொளதொளவென்று ஆடின. ஒன்றுக்கு மட்டும் ஆடவில்லை. நெருங்கிப் பார்த்தால் நீலக் கேபிளை வளைத்து, வெள்ளைப் பிளாஸ்டிக் பட்டையான கேபிள் டை இறுக்கி, மிச்ச வாலைச் சுத்தமாக நறுக்கியிருந்தது. எங்கள் ஸ்டோரில் காணாமல் போன அதே கேபிள் டை!

"இசக்கி அண்ணே!"

காளி திடுக்கிட்டது. "மேடம்! இங்கன என்ன பண்ணுதீய?"

கத்தித்தான் சொன்னேன். அவருக்கு ஒரு கையில் சூலம், மறு கையில் காணிக்கைத் தட்டு. இடுப்புப் பையிலிருந்து போனை நானே எடுத்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். முகம் பொருந்தவில்லை என்றது. எப்படிப் பொருந்தும்? விரலை வைத்தார், விரலெல்லாம் சாயம்.

"பூட்டுக்கு நம்பர் வச்சிருப்பீங்கல்லா, அதச் சொல்லித் தொலைங்க!"

கோரைப்பல்லுக்கு நடுவே என் காதில் சொன்னார். பின்னால் நின்ற ஒருத்தி என் தோளைத் தொட்டாள். "அம்மா ஒனக்கு என்ன குறி சொல்லிச்சு?"

"ஆறு நம்பர் வரும்னு சொல்லிச்சு" என்றேன் எரிச்சலில்.

வந்தது. டீக்கடை பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்து கேட்டதுமே அவர் போனில் வந்த எண்ணை அடித்தேன். திரையில் பச்சை எரிந்தது. கொஞ்ச நேரத்தில் ஆராவமுதன் அழைத்தார்.

"பிரமாதம் ஜெபசுதா! ஒரு கேமராவை நிறுத்திப் பாத்தேன், புகார் உடனே வந்து விழுந்துருச்சு. இனிமே எல்லாத்தையும் இங்கேருந்தே பாத்துக்கலாம். அங்க ஒருத்தர் போதும். நீங்க சீனியர், நீங்களே இருங்க. இசக்கியப்பன்கிட்ட பக்குவமா சொல்லிடுங்க."

ஓடாவிட்டால் எங்கள் இருவருக்கும் வேலை போகும், ஓடினால் அண்ணனுக்கு மட்டும் போகும். இதற்காகவா இந்த மனுஷன் விரதம் இருந்து வாடினார்? "சார், நீங்கல்லாம் மனுஷந்தானா?" என்று கேட்டே விட்டேன். கொட்டுச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை போலும். தேங்க்யூ சொல்லி வைத்துவிட்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு அண்ணன் வந்தார். கழுத்து வழியே கறுப்புச் சாயம் வடிந்துகொண்டிருந்தது.

"மேடம், ஓடுதா?"

"ஓடுதுண்ணே."

"தாயே! என் பிள்ளையள காப்பாத்திட்ட!" என்று அப்படியே கைகளைத் தூக்கினார். அட்டைக் கைகளும் சேர்ந்து எழும்பின. ஒரு கட்டும் நெகிழவில்லை. பெண்கள் குலவையிட்டார்கள்.

சூலத்தைத் தோளில் சாய்த்துவிட்டு, தட்டிலிருந்து திருநீற்றை எடுத்தவர், என்னைப் பார்த்துத் தயங்கினார். "நீங்க வேதக்காரவுக... வேண்டாம்லா?"

"பூசுங்கண்ணே" என்று தலையைக் குனிந்தேன்.