கண்டக்டர் இறங்கக் கூடாது

ஆமைக்கு முயல் பிறந்தால் ஆமையின் பாடு என்னவாகும் என்பதை எந்தக் கதையும் நமக்குச் சொல்லி வைக்கவில்லை. சலவை நிலையத்தில் இஸ்திரி போடும் அந்தப் பெண்ணைக் கேட்டால் சொல்லியிருப்பாள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளின் முன் நாள் முழுதும் நின்ற இடத்தில் நிற்பவளுக்கு, நின்ற இடத்தில் நிற்கவே நிற்காத ஒரு மகன். ஐந்து வயது. வில்லிலிருந்து விடுபட்டவன்போல் கிளம்புவதால் அவனை எல்லோரும் 'அம்பு' என்றே அழைத்தார்கள். கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தால் போதும், பையன் தெருவில் இருப்பான்.

"வேற இடம் பார்த்துக்கங்கம்மா" என்று பிள்ளைகள் காப்பகம் கைகழுவியது. அடுத்த காப்பகம் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. கணவன் கப்பல் வேலையில் எங்கோ கடல்நடுவில் இருந்தான். வேலைநாட்களில் அவனைச் சலவை நிலையத்துக்கே கூட்டிப்போனாள்; நம்பி விட்டுவிட, ஆலயத்தின் பின்கட்டில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதப் பாடம் நடக்கும் ஓய்வுநாள் பள்ளி ஒன்றுதான் மிச்சம். அங்கே சேர்த்து மாதங்களாகியும் ஒரு புகார்கூட வரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. புகார் சொல்லாதவர்கள் ஒருநாள் நேரடியாகத் தீர்ப்பே சொல்லிவிடுவார்கள் என்பது அவள் பட்டறிந்த பாடம்.

அந்த ஞாயிறு காலை, வகுப்பு நடத்தும் இருவரில் ஒருவரான மருந்துக்கடை அக்கா வாசலில் அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆராதனை முடிஞ்சதும் கொஞ்சம் நில்லும்மா. அம்புவைப் பத்திப் பேசணும்."

அவ்வளவுதான். போதகர் பிரசங்கித்தது ஒரு காதில் நுழைந்து அதே காதில் திரும்பிவிட்டது. இதுவும் போயிற்று என்றால் இனி எங்கே கொண்டுபோய் விடுவது?

எல்லோரும் தலைகுனிந்து மௌனமாக ஜெபித்துக்கொண்டிருந்தபோது, பின்கட்டிலிருந்து 'பீப்பீ' என்று ஒரு விசில் கிழித்துக்கொண்டு வந்தது.

'தப்பிவிட்டான், பிடிக்க ஆள் கூப்பிடுகிறார்கள்!' கடைசி வரிசையில் இருந்தவள், பக்கத்தில் இருந்தவரின் குடை உருள, வெளியே பாய்ந்தாள். வாசலில் இல்லை. தெருமுனைவரை ஓடினாள், இல்லை. நிறுத்தியிருந்த கார்களுக்கு அடியிலும் குனிந்து பார்த்தாள். மூச்சிரைக்கத் திரும்பி வந்து பின்கட்டுக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே நாற்காலிகள் இரண்டிரண்டாக வரிசையில் இருந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால், ஒரு தட்டை ஸ்டியரிங்போல் திருப்பியபடி டிரைவர் அண்ணன் உட்கார்ந்திருந்தார். வகுப்பு நடத்தும் மற்றொருவர்; வாரநாட்களில் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். கதவோரம், கழுத்தில் விசிலுடன் அம்பு.

அவன் கையை நீட்டித் தாயை மறித்தான். "ஓடுற வண்டியில ஏறக் கூடாதும்மா! ஸ்டாப்புல தான் ஏறணும்."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள்.

"கண்டக்டர் சொன்னா சொன்னதுதான் தங்கச்சி" என்றார் டிரைவர் அண்ணன். "கொஞ்சம் பொறு. அடுத்த ஸ்டாப்பு மீன் வயிறு."

கடவுள் போகச் சொன்ன ஊருக்குப் போகாமல் தப்பியோடி, பெரிய மீனின் வயிற்றில் அகப்பட்டவரின் கதை அன்றைய பாடம். அம்பு விசில் அடித்தான்; வண்டி நின்றது. "மீன் வயிறு! இறங்குறவங்கல்லாம் இறங்கு!" ஒருவரும் இறங்கவில்லை.

மருந்துக்கடை அக்கா அவளைக் கதவுக்கு வெளியே அழைத்து வந்தாள். "விசில் சத்தம் அங்க வரைக்கும் கேட்டுச்சா? இன்னிக்குத்தான் கையில கொடுத்தோம். போதகர்கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கப் போறோம்."

"நான் தெருவுல தேடிட்டு வரேன்க்கா. அவன் ஓடிட்டான்னு…"

"ஓடினான்மா. முதல்ல வாராவாரம் ஓடினான். ஒருதரம் பழக்கடை வரைக்கும் போயிட்டான். அண்ணனும் பின்னாடியே ஓடினாரு. உட்கார்ந்தே வண்டி ஓட்டுற மனுஷன், தொப்பை பாதியாயிடுச்சு. அப்புறம் அவருதான் யோசிச்சாரு. பயணி எங்க வேணாலும் இறங்கலாம். கண்டக்டர் இறங்கிட்டா வண்டியே நகராதே! அன்னியிலேருந்து அம்புதான் கண்டக்டர்; ஐயா வாசலை விட்டு அசையறதில்லை."

"ஏன்க்கா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?"

"சொன்னா நீ வந்து வாசல்லயே காவல் உட்கார்ந்திருப்பே. வாரத்துல அந்த ஒரு மணி நேரமாவது நீ உட்காரட்டும்னுதான்."

அவள் முந்தானையால் முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். இருந்தாலும் கேட்டுத் தீர்த்துவிட வேண்டும். "அப்போ… பேசணும்னு சொன்னது, இனிமே கூட்டிட்டு வராதேன்னு இல்லையா?"

"நல்லா இருக்கே! சனிக்கிழமைப் பாட்டுப் பயிற்சிக்கும் அனுப்புறியான்னு கேட்கத்தான். கண்டக்டர் வராட்டிப் பாட மாட்டோம்னு பிள்ளைங்க அடம் பிடிக்குதுங்க."

அவள் அக்காவின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டாள். நன்றி என்ற சொல் வாய்வரை வந்து, அங்கே அழுகையாக மாறிவிட்டது. சூட்டுக் காயம் பட்ட அந்த விரல்களை அக்கா விடுவித்துக்கொள்ளவில்லை.

"அடடா, இது என்னது! சர்ச்சுக்குள்ள திரும்பிப் போகாதே, எல்லாரும் என்ன ஏதுன்னு கேட்டுத் துளைச்செடுப்பாங்க. வா, பின் சீட்டு காலியா இருக்கு."

சிறுவர்களுக்கான அந்தக் குட்டி நாற்காலியில், முழங்கால் மோவாயைத் தொட, சுவரில் சாய்ந்து அமர்ந்தாள். அம்பு வந்து பயணச்சீட்டாக ஒரு காகிதத் துண்டைக் கொடுத்தான்.

"எங்கம்மா போகணும்?"

"நீ எங்க போறியோ அங்க."

"அப்போ கடைசி ஸ்டாப்பு. நான் அங்கதான் இறங்குவேன்."

வண்டி கிளம்பியது. மீன் அந்த மனிதரைக் கரையில் கக்குவதற்குள்ளாகவே அவள் கண் செருகிவிட்டது. யாரோ ஒரு சிறுமி பாட்டை உரக்கத் தொடங்கினாள்.

"ஷ்ஷ்!" என்றான் கண்டக்டர். "பயணி தூங்குறாங்க. மெதுவாப் பாடு. ஸ்டாப்பு வந்ததும் நான் எழுப்புறேன்."