வாசலில் ஒரு ஜோடி ஷூ

தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாய்மாருக்கு அரசு தரும் உதவித்தொகையைச் சரிபார்க்கும் ஆய்வாளர் நான். மூன்று வருடத்துக்கு முன் அந்தத் தையல்காரியின் வாசலில் ஆண்கள் போடும் ஷூ ஒரு ஜோடி இருந்தது. கதவைக்கூடத் தட்டவில்லை. ‘கணவர் உடன் வசிக்கிறார்’ என்று படிக்கட்டில் நின்றபடியே எழுதிவிட்டு இறங்கினேன். பெரிய துப்பறியும் புலி என்று நினைப்பு! அவளுக்கு உதவித்தொகை நின்றது.

பிறகு நடந்த விசாரணையில் என் லட்சணம் அம்பலமானது. நஷ்டஈட்டுக் கடிதத்தை நானே நேரில் கொடுக்க வேண்டும் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

இம்முறை வாசலில் ஷூ இல்லை. தட்டினேன். உள்ளே ஒன்றன்பின் ஒன்றாக மூன்று தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

கடிதத்தை அவள் நின்றபடியே படித்தாள். அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து மகள் என்னை எட்டிப் பார்த்தாள்.

“அந்த ஷூ...” என்று இழுத்தேன்.

“பிளாட்பாரக் கடையில வாங்கினது சார். உள்ள ஆம்பளை இருக்கான்னு நெனச்சு, கண்டவன் கதவைத் தட்டாம இருக்கட்டும்னு வெச்சேன். நீங்களும் தட்டல.”

வழியெல்லாம் ஒத்திகை பார்த்த மன்னிப்பைச் சொல்ல ஆரம்பித்தேன்.

அவள் உள்ளே போய் அலமாரிக்கு அடியிலிருந்து அந்த ஷூவை எடுத்து வந்தாள். ஒரு மடிப்புக்கூட விழாத தோல்.

“இனிமே இதை வெளியில வைக்கலாமா சார்? திரும்ப எழுதிக்க மாட்டீங்களே?”