மாப்ளையின் கண்ணில் சந்தனம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் என்னுடையது, ஆகவே தரத்தில் குறை இருக்காது.

எண்ணூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் மேற்பார்வையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அங்கே ஓட்டுநர் இல்லாமல் தானே ஓடும் வண்டி ஒன்று வந்து சேர்ந்தது. ராயபுரம் ரயில் நிலையம் அளவு பெரியது. (சரி, லாரி அளவு.) நெற்றியில் ஒரு கண்ணாடிக் கண். குறுக்கே ஆள் வந்தால் நின்றுவிடும். விலகி வழிவிட்டால்தான் நகரும். அந்த முறுக்கைப் பார்த்து ‘மாப்ள’ என்று பெயர் வைத்தோம்.

2

‘இன்னாசி ஒரு மாவீரன்’ என்று ஆரம்பித்

வேண்டாம். இன்னாசி கன்டெய்னர்களைப் பூட்டி இறுக்குகிறவன். முதல் மாதம் மாப்ளையைக் கண்டாலே சிலுவை போட்டுக்கொண்டு ஓடினான். ஆறாம் மாதம் அதற்கு முதுகைக் காட்டி நின்று டீ குடித்தான்.

“தள்ளி நில்லுடா,” என்பேன்.

“நீ சும்மா கெட மாமு. மாப்ள பாத்துகினு கீறான். உன்ன மாதிரி பராக்கு பாக்குறவனா அவன்?”

(அடிக்குறிப்பு: இந்த வசனம் என் கற்பனை இல்லை. இருந்திருக்கலாம்.)

3

ஆயுத பூஜை. எல்லா வண்டிக்கும் பொட்டு வைத்தோம். மாப்ளைக்கு இன்னாசி தன் செலவில் மாலை வாங்கிப் போட்டான். நெற்றியில் ஒரு கிலோ சந்தனத்தை நான் அப்பினேன். (ஒரு கரண்டி.) நெற்றி என்றால் அந்தக் கண்ணாடிதான்.

மறுநாள் காலை மாப்ள நகரவில்லை. திரையில் ‘முன்னால் தெரியவில்லை’ என்று எழுத்து. பின்னால் இருபது லாரிகள் ஹாரன் அடித்தன. ஓர் ஈரத்துணி போதும், துடைத்திருக்கலாம். நான் வண்டியின் பின்பக்கம் போய், என்னிடமிருந்த சாவியைப் போட்டு

இந்த வாக்கியத்தை மூன்று வருடமாக முடிக்கப் பார்க்கிறேன்.

வண்டி மறுத்தாலும் அதை ஓட வைக்கும் சாவி அது. திருப்பும் முன் முன்னால் போய்ப் பார்க்க வேண்டும். நான் லாரிகளைப் பார்த்தேன். இன்னாசி முன்னால் குனிந்து, நழுவி விழுந்த மாலையை எடுத்துக்கொண்டிருந்தான்.

இடது பாதம் போயிற்று.

4

“தானா கெளம்பிடுச்சு சார், மதம் புடிச்ச யானை மாதிரி,” என்று விசாரணையில் சொன்னேன். சாவியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. யானை அவ்வளவு நன்றாக அமைந்துவிட்டது. மாப்ளையைத் தார்ப்பாய் போட்டு மூடி எடுத்துப் போனார்கள்.

இன்னாசி இப்போது லிஃப்டில்கூட ஏறுவதில்லை. “அவன் ஏன் மாமு என்ன பாக்கல?” என்று இன்னும் கேட்கிறான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையைக் கடக்க என் தோளைத்தான் பிடித்துக்கொள்கிறான்.

5

முடிவு ஒன்று: மன்னிக்கிறான். (அவனைக் கேட்காமல் எழுதியது.)

முடிவு இரண்டு: ஊன்றுகோலால் அடிக்கிறான், என் பற்கள் காசிமேடு வரை பறக்கின்றன. (ரசித்து எழுதியது.)

வெள்ளிக்கிழமைதோறும் நான் எழுதியதைக் கேட்க வருவான். இதோ, வந்து உட்கார்ந்துவிட்டான்.

“இன்னா எய்திகினு கீற? படி கேப்போம். கண்ணாடிய வூட்ல வுட்டுட்டேன்.”

“இது சரியா வரலடா.”

“அட, படி மாமு. உன்ன நம்பாம யார நம்புறது?”

படித்தேன். முதல் இரண்டு பகுதிக்கும் விழுந்து விழுந்து சிரித்தான். மூன்றாவதில் சாவி வரும் வரியில் நிறுத்தித் தாளை மடித்துவிட்டேன். காத்திருக்கிறான்.

நீங்கள் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள். இங்கிருந்து அவனுக்கு நீங்களே படித்துக் காட்டுங்கள். ஒரே ஒரு திருத்தம்: லாரிகள் ஏழுதான்.