மூன்று பீப்

ஃபவாஸ் உதிரி பாகம் வாங்கித் தன் கையால் பூட்டிய கம்ப்யூட்டர் மதியம் ஒன்றரை மணிக்குப் படுத்துவிட்டது. முழுசாகச் செத்திருந்தாலாவது மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். இது அந்த ரகம் இல்லை. ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. நடுநடுவே நீளமாக மூன்று பீப்.

மூன்று மணிக்கு அக்கா மெஹ்னாஸுக்கு ஆன்லைன் தேர்வு. காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கன்டெய்னர் கம்பெனியில் பில்லிங் வேலைக்கு. போனில் எழுதக் கூடாது, பிரவுசிங் சென்டரும் ஆகாது. கேமரா முன்னால், தனி அறையில், தனி ஆளாக உட்கார வேண்டும். இரண்டு மாதம் படித்திருந்தாள். லேப்டாப் இரவல் வாங்கி வைக்கலாமா என்று போன வாரமே கேட்டாள். "நம்ம சிஸ்டம் இன்னாத்துக்கு கீது?" என்று நெஞ்சைத் தட்டியவன் இதே ஃபவாஸ்தான்.

மூன்று பீப் என்றால் ரேமைக் கவனி என்று போனில் தேடிய இடமெல்லாம் போட்டிருந்தது. ஃபவாஸ் நம்பவில்லை. அந்த ரேம் பட்டை அவன் கையால் மாட்டியது. அதில் எப்படித் தப்பு வரும்? பவர் சப்ளையைக் கழற்றி மாட்டினான். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி மாட்டினான். மதர்போர்டில் காசு மாதிரி உட்கார்ந்திருந்த பேட்டரியையும் பிடுங்கி, ஐந்து நிமிடம் பட்டினி போட்டு மாட்டினான். மூன்று பீப். மாடி வீட்டு சௌக்கத் அலி எட்டிப் பார்த்து, ராயபுரத்துக் கடல் காற்றில் கம்ப்யூட்டர் வைப்பதே தப்பு, மாதவரத்தில் வீடு பார்த்திருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லி, டீயும் குடித்துவிட்டுப் போனார்.

மணி இரண்டரை. மெஹ்னாஸ் கத்தவில்லை. அதுதான் பெரிய பேஜாரு.

"டேய், அந்த ரேமை ஒரு வாட்டி கய்ட்டிப் பாரு. ஒன் மானம் ஒண்ணும் கப்பலேறிடாது."

கழற்றினான். பட்டையின் ஓரத்தில் தங்கப் பல் வரிசை மின்ன வேண்டிய இடத்தில் கறுப்பாக, கொழகொழவென்று கிரீஸ்.

அத்தா மஜீது துறைமுகத்தில் கிரேனுக்குக் கிரீஸ் வைக்கிறவர். கதவுக் கீல், தையல் மெஷின், சைக்கிள் என்று அந்த வீட்டில் அவர் விரல் படாத இரும்பு கிடையாது. நேற்று சாயங்காலம் கேபினட் மூடி திறந்து கிடந்ததாம். பட்டையை உருவிப் பார்த்தால் பல் லேசாக மங்கித் தெரிந்ததாம்.

"உப்புக் காத்துப்பா, துரு புட்ச்சிடும். கொஞ்சூண்டுதான் வெச்சேன்" என்றார், நன்றியை எதிர்பார்க்கும் முகத்தோடு.

ஃபவாஸ் வாயைத் திறந்தான். அதற்குள் மெஹ்னாஸ் மருந்துக்கடைக்கு ஓடி ஸ்பிரிட்டும் பஞ்சும் வாங்கி வந்து அவன் கையில் திணித்தாள்.

"மொதல்ல தொட. சண்டைய அப்பால வெச்சுக்கோ."

ரேமையும் அது உட்காரும் பள்ளத்தையும் துடைத்து மாட்டினான். இரண்டு ஐம்பதுக்குத் திரை எழுந்தது. தேர்வுப் பக்கம் மட்டும் திறக்க மறுத்தது. பேட்டரியைப் பிடுங்கியதில் கம்ப்யூட்டரின் தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தது. இதற்கு அத்தா காரணமில்லை என்பது ஃபவாஸுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

தேதியைத் திருத்தியபோது மூன்றுக்கு இரண்டு நிமிடம். இன்னொரு குரல் கேட்டால் தேர்வு ரத்து என்று சொல்லி, இருவரையும் வெளியே தள்ளித் தாழ்ப்பாள் போட்டாள் மெஹ்னாஸ்.

அப்பனும் பிள்ளையும் மாடிப்படியில் உட்கார்ந்தார்கள். அரை மணியாகச் சேர்த்து வைத்த வசனம் ஃபவாஸின் தொண்டையில் நின்றது. ஒரு மணி நேரத்துக்கு மூச்சு விடக் கூடாது. வேறு வழியில்லாமல், பக்கத்தில் இருந்த அத்தாவுக்கு வாட்ஸாப்பில் திட்டி எழுதினான். பதினான்கு வரி. மஜீது கண்ணாடியைப் போட்டு, உதடு அசைய, முழுவதையும் படித்தார். ஒரு கட்டைவிரல் அனுப்பினார். பிறகு ஒற்றை விரலால் நெடுநேரம் தட்டினார்.

"மவுஸ் சக்கரத்துக்கும் ஒரு சொட்டு வெச்சிருக்கேன்."

ஃபவாஸ் பதறிப்போய்க் கதவில் காதை வைத்தான். உள்ளே க்ளிக், க்ளிக் என்று மெஹ்னாஸ் ஒவ்வொரு கேள்வியாகத் தாண்டிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து படியில் உட்கார்ந்து பதினைந்தாவது வரியைத் தட்டினான். அனுப்பவில்லை. நாலு மணிக்கு வாயாலேயே சொல்லிக்கொள்ளலாம்.