கிணற்றில் இறங்க வேண்டிய வீட்டாள்

ஈஜிபுராவில் கிருத்திகா வாடகைக்கு இருந்த மாடிவீட்டின் பொருள்கள் யாவும் அட்டைப்பெட்டிகளுள் அடங்கிவிட்டன. மென்பொருள் நிறுவனமொன்றில் ஐந்தாண்டுகள் பணிபுரிந்த அவள், வெள்ளிக்கிழமையோடு அப்பணியினின்றும் விலகியிருந்தாள். தந்தை இறந்தபின் தன்னுடன் வந்து தங்கிய தாய் ராஜலக்ஷ்மியை அழைத்துக்கொண்டு, கிருஷ்ணகிரிக்கு அப்பாலுள்ள சொந்த ஊருக்குச் சென்று, இரண்டு ஏக்கரில் தக்காளியும் சாமந்தியும் பயிரிடுவதென்று முடிவு செய்திருந்தாள். அது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டின் கோடை.

ஞாயிறு முற்பகலில், சொல்லாமலே, சித்தப்பா பழனிச்சாமி வந்து சேர்ந்தார். கையில் மாம்பழப்பையும் சட்டைப்பையில் மடித்த முத்திரைத்தாளும் இருந்தன.

"என்னா அண்ணி, ஒரே பொட்டியா கெடக்குது? வேற வீடு பாத்துட்டீங்களா?"

"வீடு மாத்தல தம்பி. ஊருக்கே வர்றோம்."

"லீவுக்கா?"

"வெள்ளாமைக்கு, சித்தப்பா" என்றாள் கிருத்திகா.

பழனிச்சாமி வாய்விட்டுச் சிரித்தார். பின்னர்ச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, முத்திரைத்தாளை எடுத்துப் பெட்டியொன்றின் மீது விரித்தார். ஊரிலுள்ள பொதுக்கிணற்றிலிருந்து வாரத்துக்கொரு நாள் நீர் பாய்ச்ச அவர்களுக்குள்ள நீர்முறையை அவருக்கு விட்டுக்கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது.

நான்கு குடும்பத்தாருக்கு உரிய சதுரக் கிணறு அது. சித்திரையில் நீர் வற்றியதும் நால்வரும் சேர்ந்து தூர் வாருவர். ஒவ்வொரு பங்குக்கும் ஒரு மூலை உண்டு. அம்மூலையின் சேற்றை அப்பங்கின் வீட்டாள் இறங்கி அள்ளுதல் வேண்டும். தொடர்ந்து மூன்று கோடைகள் வீட்டாள் இறங்காத பங்குக்கு நீர்முறை இல்லை. நீர்முறை போய்விட்டால் அந்த இரண்டு ஏக்கரும் வானம் பார்த்த நிலமே. தக்காளி நாற்றுக்கு வழியில்லை.

"போன ரெண்டு வருசமும் நம்ம ஆளு எறங்குனாரே, சித்தப்பா? நான்தான அனுப்புனேன்?"

"கூலியாளு எறங்குனா கூலி உண்டு பாப்பா. மொற கெடையாது. வீட்டாளு எறங்கணும். இது மூணாவது வருசம். கையெழுத்துப் போட்டுட்டா உனக்கும் அலைச்சல் மிச்சம்."

அலுவலகத்தில் ஒருவர் விடுப்பெடுத்தால் அவர் வேலையை மற்றொருவர் பார்ப்பார். இருக்கையோ உரியவருடையதாகவே இருக்கும். கிணற்றுக்கும் அதுவே விதியென எண்ணியது தன் பிழை என்பதைக் கிருத்திகா உணர்ந்தாள். வருந்துவதற்கு நேரம் ஒதுக்கவில்லை.

"இந்த வருசம் தூரு என்னிக்கு வார்றீங்க?"

பழனிச்சாமி மாம்பழப்பையைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். "நாளைக்கு" என்றார்.

"அதான் இன்னிக்கு மாம்பழமா?" என்றார் ராஜலக்ஷ்மி.

கிருத்திகா கைக்கடிகாரத்தை நோக்கினாள். "சாப்பிட்டுக் கெளம்பலாம் சித்தப்பா. மடிவாளாவுல ரெண்டு மணிக்கு பஸ்ஸு இருக்குது."

"நீயா எறங்கப்போற? நாப்பதடி கெணறு பாப்பா!"

"எங்க ஆபீசு ஒம்பதாவது மாடி. லிப்டு பாதி நாளு ஓடாது."

ஆட்டோ ஓட்டுநரிடம் அவள் கன்னடத்தில் வாதாடி, அவரையே சிரிக்கவைத்து ஏறியதைப் பழனிச்சாமி பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு மணிப் பேருந்தில் ஓசூரைத் தாண்டி ஊர் போய்ச் சேர்ந்தனர்.

மறுநாட்காலையில் கிணற்றுமேட்டில் பங்காளர் கூடினர். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு படியருகே வந்து நின்ற கிருத்திகாவைக் கண்டதும், பங்காளருள் ஒருவரான கோவிந்தராஜன் முகம் சுளித்தார்.

"பொம்பளப் புள்ள எறங்குறதா? எந்த ஊரு வழக்கம் இது?"

நான்காம் பங்குக்கு உரியவரான இராஜமாணிக்கம் வெற்றிலையைத் துப்பினார். "வீட்டாளுன்னுதான்யா பேச்சு. ஆம்பளன்னு எவன் சொன்னான்? அவ அந்த வீட்டாளு இல்லாம, பக்கத்து வீட்டாளா?"

கோவிந்தராஜன் படியை விட்டு ஒதுங்கினார். கிருத்திகா இறங்கினாள்.

பாதிக்குக் கீழே படி இல்லை. பாறையில் குடைந்த கால்குழிகளே இருந்தன. ஒருமுறை கால் வழுக்கியது. மேலிருந்தவர் எல்லாரும் கத்தினர். அவள் மட்டும் கத்தவில்லை. தென்கிழக்கு மூலையில் முழங்காலளவு சேறு கிடந்தது. கூடை நிறைய அள்ளி, கயிற்றில் கட்டி, "இழுங்க!" என்று குரல் கொடுத்தாள்.

உருளையில் கயிற்றைப் பிடித்து நின்றவர் பழனிச்சாமி. கூடையை இழுத்தால் அவளுடைய முறையை ஒப்பியதாகும். இழுக்காவிட்டால் அம்மூலையின் சேறு கிடந்து, ஊற்றுக்கண் அடைபட்டு, அவருடைய கரும்பும் காய்ந்துபோகும். அவர் கயிற்றை நெடுநேரம் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. இழுத்தார்.

பிற்பகலுக்குள் அவள் அறுபத்திரண்டு கூடைகள் அனுப்பினாள். உள்ளங்கைகள் இரண்டும் கொப்புளித்தன. மூன்று மணியளவில் அவளுடைய மூலையில் ஊற்றுக்கண் திறந்து, தெளிந்த நீர் விரல் தடிமனில் சுரந்தது. மேலே ஏறி வந்தவளைப் பார்த்து இராஜமாணிக்கம் எல்லாரும் கேட்கும்படி அறிவித்தார்:

"இந்தப் புள்ள வூட்டுக்கு வியாழக்கெழம மொற. பழையபடியே."

பழனிச்சாமி கயிற்றைச் சுருட்டியவாறே, "வியாழக்கெழம நமக்குக் கரண்டு ராத்திரி ரெண்டு மணிக்குத்தான் வரும். தெரியுமில்ல?" என்றார்.

"அமெரிக்காக்காரன் நேரத்துக்கு அஞ்சு வருசம் முழிச்சிருந்தவ சித்தப்பா நான். நீங்க தூங்குங்க, என் தண்ணி உங்க வயலுக்கு மடை மாறிப்போச்சுன்னா நானே வந்து எழுப்புறேன்."

பழனிச்சாமி சிரிக்கவில்லை. ஆயினும் சட்டைப்பையிலிருந்த முத்திரைத்தாளை எடுத்து, அவள் கையிலிருந்த சேற்றைத் துடைத்துக்கொள்ளக் கொடுத்தார்.