களத்து ஷெட்டில் முதல் சனிக்கிழமை

சனிக்கிழமை மாலை ஐந்தரை ஆகியும் ஆடுதளத்தில் ஈ காக்கை இல்லை. யூனுஸ் மறுபடியும் மணி பார்த்தான்.

துபாய் ஹோட்டலில் ஒன்பது வருஷம், ஆடுகிறவர்களுக்குப் பாட்டுப் போட்டவன் அவன். அரபிப் பாட்டில் ஆரம்பித்து, ஆப்பிரிக்கத் தாளத்தில் ஏற்றி, தமிழ்க் குத்தில் இறக்கினால் எந்த நாட்டுக்காரனும் நாற்காலியில் உட்கார்ந்திருக்க மாட்டான். அதையே நம் ஊரில் வாராவாரம் செய்தால் என்ன? அப்படி லீவில் கிளம்பி வந்தவனுக்குக் குடவாசல் பக்கம் கிடைத்தது பழைய பண்ணையார் இளையபெருமாளின் நெற்களத்து ஷெட். பண்ணை நிலமெல்லாம் போன பிறகு அவரிடம் மிச்சமிருந்தது அதுதான். முதல் வாரமே கூட்டம் வராவிட்டால் உரக் குடோனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

திங்கட்கிழமை துபாய்க்குத் திரும்ப விமானம். அதைத் தவறவிட்டால் விசா செத்துப்போகும். மூன்று வயது மகள் இப்போதுதான் அவனைத் தொட்டுப் பேசுகிறாள். இன்றைக்குக் கூட்டம் வந்தால் ஊரோடு இருப்பு, வராவிட்டால் விமானம். மனைவி லத்தீஃபா அவனுடைய பெட்டியைப் பாதி அடுக்கி வைத்துவிட்டு, மகளோடு வந்து ஷெட்டின் ஓரமாக நின்றிருந்தாள்.

கூட்டம் வராமலும் இல்லை, அதுதான் கொடுமை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் கரையில் நூறு பேர் நின்றார்கள். நர்சிங் படிக்கும் பெண்கள், டிராக்டர் ஓட்டுகிறவர்கள், கைக்குழந்தைக்காரிகள். தலையை ஆட்டினார்கள், செல்போனில் படம் பிடித்தார்கள். கேட்டைத் தாண்ட மட்டும் ஒருவரும் இல்லை.

"எல்லாரும் உள்ள வாங்க" என்று மைக்கில் கெஞ்சிப் பார்த்தான். சிரித்தார்கள். சரி, பேர் சொல்லிக் கூப்பிட்டால் கூச்சம் போகும் என்று, வாட்ஸப்பில் பதிவு செய்தவர்களின் பட்டியலை எடுத்து வாசித்தான்.

"அம்சம், உள்ள வாங்க! கண்ணுசாமி, உள்ள வாங்க!"

ஆடிய தலைகள் நின்றன. இரண்டு மூன்று பேர் வீட்டைப் பார்த்து நடக்கவே தொடங்கிவிட்டார்கள். சவுண்டு சர்வீஸ் தங்கையன் ஓடிவந்து மைக்கைப் பிடுங்கினான்.

"என்ன காரியம் பண்ணுனீங்க பாய்! இந்தக் களத்துல நின்னு பேர் வாசிக்கலாமா?"

"ஏன், என்ன?"

"கூலி நெல்லு அளக்குறப்ப பண்ணைக் காரியக்காரரு இங்க நின்னுதான் பேர் கூப்புடுவாரு. கூப்புடாம கால வச்சா அடி. எங்கப்பா அந்தக் கரையிலதான் காத்துக் கெடப்பாரு."

"அதெல்லாம் கொடி புடிச்சு, ஜெயிலுக்குப் போயி, எப்பவோ ஒழிச்சாச்சே தங்கையா!"

"ஒழிச்சாச்சுங்க. காலு கேக்கணும்ல?"

யூனுஸுக்கு வெட்கமாக இருந்தது. அவன் அத்தா இதே களத்தில் நெல் வாங்கி வியாபாரம் செய்தவர். அவர் உள்ளே வர யாரும் பேர் வாசித்ததில்லை. அதனால்தான் மகனுக்கும் தெரியவில்லை.

கரையில் கூட்டம் கரைந்துகொண்டிருந்தது.

"இந்த ஊர்ல எங்கதான் ஆடுவாங்க?" என்றான், அழாத குறையாக.

"சாமி ஊர்வலத்துல, வண்டிக்கு முன்னாடி. நின்ன எடத்துல யாரு ஆடுவா?"

சொல்லிவிட்டுத் தங்கையன் தன் லோடு ஆட்டோவைப் பார்த்தான். யூனுஸும் பார்த்தான்.

பத்தே நிமிஷம். ஸ்பீக்கர் பெட்டிகளும் ஜெனரேட்டரும் வண்டியேறின. மடியில் லேப்டாப்போடு யூனுஸ் பின்னால் குந்தினான். ரோட்டைக் கடந்து கூட்டத்தின் முன் வண்டி நின்றதும், ஆப்பிரிக்கத் தாளத்தின் மேல் உறுமியை ஏற்றினான். நர்சிங் படிக்கும் அம்சம்தான் முதலில் குதித்தாள். பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை. தங்கையன் ரிவர்ஸ் கியர் போட்டான்.

ஊர்வலம் பின்பக்கமாகப் போன கதை அந்த ஊரில் அன்றுதான் நடந்தது. வண்டி ஒரு முழம் பின்வாங்கினால் கூட்டம் ஒரு முழம் முன்னால் வந்தது. சரியாகக் கேட்டருகே பாட்டு முடியப் போனது. ஒரு நொடி சத்தம் நின்றாலும் கேட்டைத் தாண்டுவதைப் பார்த்துவிடுவார்கள். வியர்த்த விரலால் அரபிப் பாட்டை இடைவெளி விழாமல் நுழைத்தான். அவன் நிமிர்ந்து பார்த்தபோது கூட்டம் களத்துக்குள் ஆடிக்கொண்டிருந்தது.

கூட்டத்தில் ராமாயி மட்டும் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டாள். ஐம்பது வயதுக்காரி, கேட்டைக் கவனித்துவிட்டாள். உள்ளே பார்த்தாள், கரையைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே வந்தாள். நேராக வண்டியிடம் வந்து, ஆடுகிற சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

"தம்பி, அடுத்த சனிக்கெழமையும் உண்டா?"

யூனுஸ் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தான். விமானம், விசா, இளையபெருமாளின் சிரிப்பு எல்லாம் நினைவுக்கு வந்தன.

"உண்டுக்கா. வாராவாரம் உண்டு" என்றது லத்தீஃபாவின் குரல்.

திரும்பிப் பார்த்தான். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அவள் 'போகாதீங்க' என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. அடுத்த வாரம் பெண்களுக்குத் தண்ணீர்க் குடத்தை எந்தப் பக்கம் வைப்பது என்று ராமாயியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.