மோதிரத்தைக் கழற்றிவிட்டுத் தேய்க்கவும்

சலூன்காரனுக்குப் பொடுகு. விஷயம் மருந்துக்கடை நடத்தும் அக்காவோடு நின்றிருந்தது. மனைவிக்குத் தெரியக்கூடாது. சலூனில் திரைக்கு அந்தப் பக்கம் பெண்களுக்கு முடி வெட்டுகிறவள் அவள். பொடுகோடு யார் வந்தாலும், "எங்க வீட்டுக்காரர் தலையைப் பாருங்க, ஒரு செதில் உண்டா?" என்று அவனைத்தான் காட்டுவாள்.

மதியம் அக்காவின் கடைக்குப் போய்க் கையை நீட்டினான். கல்யாண மோதிரம் கரியாக இருந்தது.

"வெள்ளிதானேடா அது?"

"நேத்துவரைக்கும்."

"நகையைக் கழட்டிட்டுத் தேய்க்கணும்னு புட்டியிலேயே போட்டிருக்கு."

"கழட்டினா ஏன்னு கேப்பா."

"இப்ப மட்டும் கொஞ்சுவாளா?"

அக்கா ஆரஞ்சு நிறப் புட்டி ஒன்றை எடுத்துக் குலுக்கினாள். அடியில் தங்கியிருந்த மருந்து மேலே கலங்கி வந்தது.

"செலினியம் சல்பைடு. தண்ணியில கரையாது, அதான் குலுக்கறது. பொடுகை அடக்கும், தேமலையும் அடக்கும். வெள்ளியில பட்டா கறுப்பு, நரையில பட்டா செம்பட்டை."

"எனக்கு நரையே இல்ல."

"பொடுகும் இல்லேன்னுதானே சொல்லிட்டிருந்தே?"

"ஒரு வழி சொல்லுக்கா."

"சாயம் போடறப்ப முடியில சுத்துவீங்களே, அந்த அலுமினியத் தாளைக் கிண்ணத்துல விரி. மேல மோதிரம், சமையல் சோடா. கொதிக்கிற தண்ணியை ஊத்து."

சலூனில் வாடிக்கையாளர் யாரும் இல்லை. மனைவி சாய வேலைக்கான கையுறையோடு தரை பெருக்கிக்கொண்டிருந்தாள். அவன் திரையை இழுத்துவிட்டு வெந்நீரை ஊற்றினான். கிண்ணம் நுரைத்தது. அழுகின முட்டை நாற்றம் கிளம்பியது.

திரை விலகியது.

"என்னங்க நாத்தம்?"

"சீப்பு கழுவறேன்."

அவள் எட்டிப் பார்த்தாள். மோதிரம் பாதி வெளுத்திருந்தது.

"சீப்பு உருண்டையா இருக்கே."

அவள் அவன் தலையைப் பார்த்தாள். பிறகு இடக்கைக் கையுறையை உருவினாள். அவள் மோதிரமும் கரி.

"நீயுமா? எப்போலேருந்து?"

"உங்களுக்கு முன்னாடியே இருக்கும். மருந்து குடுத்த அண்ணி யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னாங்க."

"எங்கிட்டயும் அதையேதான் சொன்னா."

அவள் மோதிரத்தைக் கழற்றி அவனுடையதற்குப் பக்கத்தில் போட்டாள். மறுபடி நுரைத்தது.

"இனிமே வர்றவங்களுக்கு யார் தலையைக் காட்டறது?"

"அக்கா தலையைக் காட்டு."

"நல்ல தலையாக் காட்டினீங்க," என்றாள். "அண்ணி ஏன் மோதிரமே போடறதில்லேன்னு நினைச்சீங்க?"